பட்டியல் எழுதும் பேனா யாருடையது?

2025ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தின் முதல் வாரத்திலே, பாரத நாட்டு விமான நிலையங்களில், நமது முத்துமாரி அம்மன் தேரன்று மாத்தளை வீதியிற் காணும் நெரிசலை ஒத்த நெரிசல் காணப்பட்டது. தேர் பார்க்க வந்தவர் முகத்தில் மகிழ்ச்சி இருக்கும். அங்கு நின்றவர் முகத்தில் இருந்ததோ கோபமும் கண்ணீரும். மண வீட்டுக்குச் செல்ல வேண்டியவரும் மரண வீட்டுக்குச் செல்ல வேண்டியவரும் தத்தம் பெட்டிகளின் மேலமர்ந்து இரவைக் கழித்தனர். இண்டிகோ என்னும் கம்பனி டிசம்பர் 5ஆம் திகதி ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயணங்களை இரத்துச் செய்தது. போர் இல்லை; எரிபொருள் தட்டுப்பாடும் இல்லை. விமானங்கள் நின்ற இடத்தில் நின்றன. இன்னார், இன்ன நாளில், இன்ன வேளையில், இன்ன விமானத்தில் ஏறுக என்று எழுதப்படும் பணிப்பட்டியல்தான் முறிந்து விழுந்தது.

மாத்தளையில் இருந்து எழுதும் நாம் வானத்து விவகாரத்தில் தலையிடுவானேன் என்று வாசக அன்பர்கள் கேட்கலாம். வயலில் நிற்கும் கமக்காரருக்கும், நீதிமன்றிலும் வைத்தியசாலையிலும் கந்தோரிலும் கடமையாற்றும் உத்தியோகத்தருக்கும் இதில் என்ன சம்பந்தம் என்றும் கேட்கலாம். சம்பந்தம் உண்டு. பட்டியல் எழுதும் ஒருவனுக்கும் அதன்படி உழைக்கும் ஒருத்திக்கும் இடையே உள்ள உறவு எவ்வாறு கெடுகிறது, யாருடைய இலாபத்துக்காகக் கெடுக்கப்படுகிறது என்பதை இம்மாவட்டத்துத் தமிழ் மக்களைக் காட்டிலும் நெடுங்காலம் அனுபவித்து அறிந்தோர் உலகில் மிகச் சிலரே.

விமானக் கம்பனியிலே நடைபெறுவது யாதெனின், மாதந்தோறும் ஓர் அறையிலே சிலர் இருந்து பணியாளர் அனைவருக்கும் பட்டியல் வகுக்கின்றனர். ரோஸ்டர் என்று தாதிமார் சொல்வார்களே, அதுதான். பட்டியல் வெளியானதும் வேறொரு கூட்டத்தார் இரவு பகலாக அதை ஒட்டுப்போட்டுக் கொண்டிருப்பர். மழையால் விமானம் தாமதிக்கும், ஒருவருக்குக் காய்ச்சல் காணும், இயந்திரம் பழுதாகும். ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவரைத் தொலைபேசியில் எழுப்பி வரச்சொல்ல வேண்டும். இதற்கெனச் சிலர் சீருடையை மடித்து வைத்துக்கொண்டு, எங்கும் போகாமல், அழைப்புக்காக வீட்டிலே காத்திருப்பர். ஐம்பது இருக்கைக்கு ஒரு பணியாள் என்பது பல நாடுகளிலும் உள்ள பாதுகாப்பு விதி. ஒருத்தி குறைந்தாலும் அந்த விமானம் கிளம்பாது.

எனவே ஒரு முனையிலே, அதிகாலை இரண்டு மணிக்கு வீடு திரும்பி நண்பகலில் மீண்டும் எழுப்பப்பட்ட பெண் இருக்கிறாள். மறுமுனையிலே, இன்னும் ஒன்றரை மணி நேரத்தில் பறக்கவேண்டிய விமானத்துக்கு ஓராள் குறைகிறதே என்று மணிக்கூட்டைப் பார்த்தபடி இலிகிதன் இருக்கிறான். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் கண்டதில்லை. குரலாலும் தொழில் இலக்கத்தாலுமே அறிமுகம். “எனக்கு ஓய்வு நேரம் முடியவில்லை” என்பாள் அவள். “கணினி முடிந்தது என்று காட்டுகிறதே” என்பான் அவன். அவள் மனத்தில் அவனே கொடியவன். அவன் மனத்தில் அவளே சாக்குச் சொல்பவள். இவ்விருவரையும் இந்த நிலையில் நிறுத்தியவன், போதிய ஆள் எடுக்காமல் ஆண்டறிக்கையிலே இலாபம் காட்டுகிறவன். அவன் பெயர் அந்த உரையாடலில் ஒருமுறையும் வருவதில்லை.

இனி நமது மலைக்கு வருவோம்.

மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே நடந்து, செத்தவர் சாக மிஞ்சியவர் மாத்தளையை அடைந்த காலந்தொட்டு, கோப்பிக்கும் பின்னர் தேயிலைக்கும் கொக்கோவுக்கும் இறப்பருக்கும் உழைத்த நம் மக்களின் நாள், பெரட்டுக் களத்திலேதான் விடிந்தது. விடிவெள்ளி மறையுமுன் தப்பு முழங்கும். வரிசையில் நிற்போரைப் பார்த்து இன்னார் இந்த மலை, இன்னார் அந்த மலை என்று பிரிப்பார்கள். கையில் செக்ரோல், அதில் பெயர் விழுந்தாற் சம்பளம், விழாவிட்டாற் பட்டினி. பெரிய கங்காணிக்கு அக்காலத்தில் தலைக்காசு உண்டு. வேலைக்கிறங்கிய ஒவ்வொரு தலைக்கும் அவருக்கு இத்தனை சதம். காய்ச்சற்காரியையும் பிள்ளை பெற்ற உடம்புக்காரியையும் அவர் வரிசைக்கு இழுத்து வந்தது அவருடைய கல்நெஞ்சத்தினால் மட்டுமா? இழுத்து வராவிட்டால் அவருடைய காசு குறையும்படி துரை வகுத்த கணக்கினாலுமாம். 1921ஆம் ஆண்டிலே துண்டு முறை சட்டத்தினால் ஒழிக்கப்பட்டது. கங்காணியின் ஆட்சியும் மெல்ல மெல்லத் தேய்ந்தது. பேனா மட்டும் கைமாறிக் கொண்டே இருந்தது. கங்காணியிடமிருந்து கணக்கப்பிள்ளைக்கு, கணக்கப்பிள்ளையிடமிருந்து இன்று கணினிக்கு.

அந்தப் பேனாவின் வலிமையைச் சிறிதென எண்ண வேண்டாம். 2016ஆம் ஆண்டுக் கூட்டு ஒப்பந்தத்திலே நாட்சம்பளம் 730 ரூபா என்று முரசறைந்தார்கள். அதில் அடிப்படைச் சம்பளம் 500 ரூபாதான். 60 ரூபா, நூற்றுக்கு 75 நாள் வரவு காட்டினால் மட்டுமே கிடைக்கும் ஊக்கப்பணம். கொடுக்கப்பட்ட நாள் எத்தனை, வந்த நாள் எத்தனை என்று எண்ணுவது யார்? செக்ரோல். தொழில் நியாய சபையிலே வழக்காடியோர் அறிவர்: தொழிலாளியின் வாய்மொழி ஒரு புறம், தோட்டத்தின் ஏடு மறுபுறம் என்று வரும்போது ஏட்டுக்கு எவ்வளவு கனம் என்று. 2021இல் 1,000 ரூபா நாட்சம்பளம் வர்த்தமானியில் வெளியானது. கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்தை விட்டு விலகின. பல தோட்டங்களில் முழுப்பேருக்குரிய கொழுந்தின் நிறை ஏற்றப்பட்டது. நிறை குறைந்தால் அரைப்பேர். அந்த அரைப்பேரை எழுதியது கணக்கப்பிள்ளையின் கை. எழுதச் சொன்னது கொழும்பிலே உள்ள ஒரு மேசை. ஏச்சு வாங்கியது எந்தக் கை என்று இறத்தோட்டையிலோ எல்கடுவையிலோ உக்குவளையிலோ சென்று கேட்டுப் பாருங்கள்.

இதையேதான் அமெரிக்க நாடு 2022ஆம் ஆண்டு டிசம்பர்க் கடைசியிலே பேரளவிற் கண்டது. சவுத்வெஸ்ட் என்னும் பெருங்கம்பனி, பனிப்புயல் ஒன்றின்பின் மீள எழ முடியாமல் விழுந்தது. மற்றைய கம்பனிகள் சில நாளில் நிமிர்ந்தன. இதுவோ பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட பயணங்களை இரத்துச் செய்து, இருபது இலட்சம் பயணிகளை நடுவழியில் விட்டது. காரணம் யாது? எந்தப் பணியாள் எந்த ஊரில் இருக்கிறார் என்பதையே கம்பனியின் பழைய கணினி மறந்து போயிற்று! பணிப்பெண்கள் தாம் இருக்குமிடத்தை அறிவிப்பதற்காக மணிக்கணக்கில் தொலைபேசியைக் காதில் வைத்துக் காத்திருந்தனர். மறுமுனையிலே பட்டியல் எழுதுவோர் கையால் எழுதியும் அழித்தும், ஆளைத் தேடித் தேடிக் களைத்தனர். ஒருவன் சோடி சேர்த்து முடிக்குமுன் அந்தச் சோடி பயனற்றுப் போகும். பணியாளர் சங்கங்கள் இப்பழைய கருவிகளைப்பற்றி ஆண்டுக்கணக்கில் எச்சரித்து வந்தன; கேட்பாரில்லை. மறு ஆண்டு அரசாங்கம் 14 கோடி டொலர் தண்டம் விதித்தது. அதுவும் பயணிகளுக்கு இழைத்த குற்றத்துக்காக. தொலைபேசியின் இருமுனையிலும் வாடியவர்களுக்காக அன்று.

இவ்வாறு சொல்வதனால், பட்டியல் எழுதுவோர் அனைவரும் பசுக்கள் என்று நாம் சாதிப்பதாக எவரும் எண்ணற்க. வேண்டியவளுக்கு நல்ல ஊர்ப் பயணமும் வேண்டாதவளுக்கு நள்ளிரவுப் பயணமும் எழுதும் பேனாக்கள் உண்டு. பண்டிகை நாள் லீவுக்குக் கைந்நீட்டும் பேனாக்களும் உண்டு. நல்ல மலையையும் கல்லு மலையையும் யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்ற கதை நமது லயங்களிலே இன்னும் சொல்லப்படுகிறது; அதிற் பெண்கள் பட்ட அவமானம் அச்சிலேற்றத் தகாதது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விதி எழுதப்படாத இடத்திலேதான் தயவு விலைப்படும். எல்லாரும் பார்க்கும் பலகையிலே முன்கூட்டியே ஒட்டப்பட்ட பட்டியலில் எவனும் எளிதில் இலஞ்சம் வாங்க முடியாது.

விதி எழுதினால் மட்டும் போதுமா என்றால், அதுவும் போதாது. ஐரோப்பிய ஒன்றியத்திலே ஏழு நாளில் 60 மணி நேரத்துக்கு மேல் விமானப் பணியாளர் கடமை செய்யலாகாது என்று சட்டம் உண்டு. இருபத்தெட்டு நாளில் 190 மணி நேரம் என்பது எல்லை. அமெரிக்காவிலே விமானப் பணிப்பெண்ணுக்கு இரு கடமைகளுக்கு இடையே 10 மணி நேர ஓய்வு, அதனைக் குறைக்கலாகாது என்ற விதி 2022இல் வந்தது. சட்டசபை 2018லேயே ஆணையிட்ட விடயம் அது. நான்கு ஆண்டு சென்றது. இவை நல்ல சட்டங்களே. எனினும் சட்டம் ‘இதற்குமேற் கூடாது’ என்று குறித்த கோட்டை, செலவு குறைக்கக் கட்டளையிடப்பட்ட கணினி ‘இதுவரை கொள்ளலாம்’ என்று வாசிக்கிறது. எல்லைக் கல்லையே இலக்காகக் கொண்டு ஓடுகிறது. பத்து மணி நேர ஓய்வு என்பதில் விமான நிலையத்திலிருந்து வீடு சேரும் நேரமும், சோறு உண்ணும் நேரமும், குழந்தையைப் பார்க்கும் நேரமும் அடக்கம் என்பதைக் கணினி அறியாது. அறியுமாறு அதற்கு யாரும் எழுதவுமில்லை.

இண்டிகோவின் கதை இதற்குச் சான்று. விமானிகளின் களைப்பைக் கருதி வாராந்த ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணியாக உயர்த்தியும், இரவிலே தரையிறங்கும் தொகையை ஆறிலிருந்து இரண்டாகக் குறைத்தும் இந்திய விமானப் போக்குவரத்து ஆணையம் 2024 ஜனவரியிலேயே விதி அறிவித்தது. தில்லி உயர் நீதிமன்றம்வரை விவகாரம் சென்றபின், ஒரு பகுதி 2025 ஜூலையிலும் மறு பகுதி நவம்பர் முதலாந் திகதியும் நடைமுறைக்கு வந்தன. ஏறக்குறைய இரண்டு ஆண்டு அவகாசம்! அக்காலத்தில் ஆள் சேர்க்காமல் விமானத்தைச் சேர்த்த கம்பனி, விதி வந்த மறுமாதமே குப்புற விழுந்தது. விளைவு என்ன? விதியை மதிக்க ஆயத்தம் செய்யாதவருக்காக விதியே சில மாதம் ஒத்திவைக்கப்பட்டது. கடன் வாங்கியவன் கைவிரித்தால் கடன்சீட்டைக் கிழித்தெறியும் நீதிமன்றத்தை நாம் எங்கும் கண்டதில்லை, இங்கு கண்டோம். அவ்விதி விமானிகளுக்குரியதே, பணிப்பெண்களுக்கன்று. ஆயினும் விமானம் தாமதித்தபோது நிலையத்திலே நின்று ஏச்சுக் கேட்டவர் யார்? பணிப்பெண்ணும் மேசைப் பெண்ணும். தொலைபேசியறையில் பட்டியல் எழுதியவனும்.

உறவு இவ்வாறு முறுகிய இடத்தில் தொழிலாளர் என்ன செய்வர்? 2024 மே மாதத்திலே எயர் இந்தியா எக்ஸ்பிரஸ் பணியாளர் பலர் ஒரே வேளையில் நோய் என்று அறிவித்து வீட்டில் இருந்தனர். கம்பனி 25 பேரை வேலைநீக்கம் செய்தது. மே 9ஆம் திகதி தில்லியிலே தொழில் ஆணையாளர் முன்னிலையில் இரு தரப்பும் அமர்ந்தபின் நீக்கம் மீளப்பெறப்பட்டது. கூட்டாக நோய் கொண்டாடுவதை நாம் நல்வழி என்று கொள்ளவில்லை. உண்மையில் நோயுற்றவளின் சொல்லையும் அது மலிவாக்கிவிடும். ஆனால் நேர்வழியிற் பேசுவதற்குக் கதவு திறந்திருந்தால் யார் கொல்லைப்புறத்தால் வருவார்?

நம்மவர் ஆயிரக்கணக்கில் வாழும் கனடாவிலே 2025 ஆகஸ்ட் 16ஆம் திகதி எயர் கனடாவின் பதினாயிரம் பணியாளர் நேர்வழியிலேயே வேலைநிறுத்தம் செய்தனர். விமானம் அசையும்போது மட்டும் முழு ஊதியம். பயணிகளை ஏற்றி அமர்த்தும் வேளைக்கு ஊதியமில்லை என்பதே அவர்களின் தலையாய குறை. ஒரு நாளும் முடியுமுன் அரசாங்கம் தொழிற் சட்டத்தின் 107ஆம் பிரிவை உருவி, வேலைக்குத் திரும்புக என்று ஆணை பெற முனைந்தது. சங்கம் பணியவில்லை. 19ஆம் திகதி உடன்பாடு வந்தது. தரைவேலைக்கும் ஒரு பங்கு ஊதியம் உண்டென்பது ஒப்புக்கொள்ளப்பட்டது. காத்திருக்கும் நேரமும் வேலைநேரமே என்ற கொள்கை இதனால் ஓரடி முன்னேறியது. கொழுந்து நிறுக்கும் இடத்திலே கூடையோடு கால் கடுக்க நிற்கும் நேரம் யாருடைய நேரம் என்று நமது தாய்மார் கேட்ட கேள்வியும் இதுவேயன்றோ?

நீதிமன்றம் காப்பாற்றுமா என்றால், சில வேளை காப்பாற்றும். முதற் கருப்பம் உண்டானதும் பணிப்பெண்ணை நீக்கலாம் என்ற எயர் இந்தியா விதியை 1981ஆம் ஆண்டு நர்கேஷ் மீர்சா வழக்கிலே இந்திய உச்ச நீதிமன்றம் செல்லாதென்று தள்ளியது. அதே தீர்ப்பு, வேலை கிடைத்து நான்கு ஆண்டுக்குள் மணம் முடிக்கலாகாது என்ற விதியை ஏற்றுக்கொண்டது! இலங்கையிலோ 1950ஆம் ஆண்டின் கைத்தொழிற் பிணக்குகள் சட்டம் இருக்கிறது. பிணக்கு வெடித்தபின் அது உதவும். 1979ஆம் ஆண்டின் அத்தியாவசிய பொதுச் சேவைகள் சட்டமும் இருக்கிறது. அது எந்தப் பக்கம் வெட்டும் கத்தி என்பதை விளக்கத் தேவையில்லை. விமானப் பணியாளரின் ஓய்வு நேரம் சிவில் விமானச் சேவை அதிகாரசபையின் பொறுப்பு. சம்பளமும் பிணக்கும் தொழில் திணைக்களத்தின் பொறுப்பு. பட்டியல் இவ்விரண்டு மதில்களுக்கும் இடையே உள்ள ஒழுங்கையில் அநாதையாகக் கிடக்கிறது.

வழி என்ன? அதை வெளிநாட்டில் தேட வேண்டியதில்லை. நமது கமக்காரரிடமே கேட்கலாம். குளத்திலே நீர் குறைந்த போகத்தில் வட்டவிதானையின் பாடு எத்தகையது என்பதை வன்னியிலும் மட்டக்களப்பிலும் உள்ளோர் அறிவர். கடைமடைக்காரன் அவரைத் திட்டுவான், தலைமடைக்காரன் மிரட்டுவான். குளத்தைத் தூர்வாராமல் விட்டவரை எவரும் திட்டுவதில்லை. எனினும் அங்கு ஒரு நல்ல வழக்கம் உண்டு. விதைக்குமுன் கூட்டம் கூடும். இம்மாவட்டத்துக் கண்டலம, தேவகுவக் குளங்களின் கீழுள்ள சிங்களக் கமக்காரரும் அதே வழக்கத்தை உடையவர். குளத்தில் எவ்வளவு நீர் உண்டென்று அதிகாரி எல்லார் முன்னிலையிலும் சொல்ல வேண்டும். எத்தனை ஏக்கர் விதைப்பது, எந்நாளில் வாய்க்கால் திறப்பது, யாருக்கு எந்த முறை என்பதை நிலத்தில் இறங்கி உழைப்போரே கூடித் தீர்மானிப்பர். அத்தீர்மானத்துக்குச் சட்டவலு உண்டு, மீறினவன் குற்றவாளி. 1856ஆம் ஆண்டின் நீர்ப்பாசனக் கட்டளைச்சட்டம் இவ்வூர் வழக்கத்தைச் சட்டமாக ஏற்ற நாள்முதல் இது நிலைத்து வருகிறது. நீர் குறைந்த ஆண்டில் நீரைப் பெருக்க இக்கூட்டத்தால் முடியாது. குறைவை மறைக்காமற் பங்கிட முடியும். அதனால் முறை சொல்பவனும் முறை கேட்பவனும் பகைவராகாமல் இருக்க முடியும்.

விமானக் கம்பனியின் குளத்து நீர் ஆட்பலம். எத்தனை விமானம், எத்தனை பயணம், எத்தனை பணியாள் என்ற கணக்கைக் கம்பனி பருவந்தோறும் பணியாளர் சங்கத்தின் முன்னும் பட்டியல் எழுதுவோர் முன்னும் வைக்க வேண்டும் என்று கேட்பதில் என்ன அநியாயம்? இவ்விரு சாராரும் ஒரே மேசையில் அமர்ந்து, எத்தனை நாள் முன்னதாகப் பட்டியல் வெளியாக வேண்டும், வெளியானபின் மாற்றினால் எவ்வளவு மேலதிகம், களைத்தேன் என்று சொன்னவளின் பெயருக்கு நேரே எந்தக் கறுப்புப் புள்ளியும் விழாதிருக்க என்ன காவல் என்பவற்றை எழுதிக்கொள்ள வேண்டும். பட்டியல் எழுதுவோர் கம்பனியின் ஆட்கள், ஆதலால் அவரோடு பேச்சில்லை என்று சில சங்கத் தலைவர்கள் சொல்வது பெரும்பிழை. கணக்கப்பிள்ளைமாரும் தோட்ட உத்தியோகத்தரும் ஒரு சங்கம், கொழுந்து பறிப்போர் வேறு சங்கம் என்று பிரிந்து நின்ற காலத்தில் இலாபம் அடைந்தவர் யார் என்பது இம்மலைகளுக்குத் தெரியும்.

நமது ஊர்களிலிருந்து கட்டுநாயக்காவுக்கும் வளைகுடா நாடுகளின் கம்பனிகளுக்கும் விண்ணப்பம் அனுப்பும் பிள்ளைகள் இன்று பலர். ஒருத்தி விமானத்தில் ஏறுவாள். மற்றவன் கணினி கற்றுப் பட்டியல் எழுதும் அறைக்குச் செல்வான். ஒரே லயத்தில், ஒரே பாடசாலை வாங்கிலே வளர்ந்தவர்களாகவும் அவர்கள் இருக்கலாம். அவர்களைத் தொலைபேசியின் இரு முனையிலும் நிறுத்தி ஏசவிடப் போகிறோமா?

இம்மாவட்டத்திலிருந்து பாராளுமன்றம் செல்வோரும், தேசிய விமானச் சேவையின் கணக்கைப் பரிசீலிக்கும் குழுக்களில் இருப்போரும், விமானம் எத்தனை கோடி நட்டம் என்று கேட்பதோடு நில்லாமல் வேறு மூன்று கேள்விகளையும் கேட்க வேண்டும் என்று கோருகிறோம். பட்டியல் எத்தனை நாள் முன்னதாகப் பணியாளர் கையிற் கிடைக்கிறது? சென்ற ஆண்டிலே வெளியான பட்டியல் எத்தனை முறை, எவர் கட்டளைப்படி மாற்றப்பட்டது? வீட்டிலே காத்திருந்த நாட்களுக்குச் சம்பளம் கொடுபட்டதா? இதே மூன்று கேள்விகளைப் பெரட்டுக் களத்துக்கும் பொருந்துமாறு எழுதி, மாத்தளைத் தோட்டங்களின் செக்ரோலையும் தொழில் அமைச்சர் மேசைக்கு வருவிக்கட்டும்.